செகண்ட் ஹேண்ட் மோட்டாரும் சீட்டுக்கு அடியில் இருந்த வயர்களும்

பழைய மோட்டார் சைக்கிள் (எங்கள் மலேசியப் பேச்சில் வெறும் மோட்டார்) பார்க்கப் போகிறவர்கள் என்ஜினை முறுக்கிக் கேட்பார்கள், புகையின் நிறத்தைப் பார்ப்பார்கள், டயரைத் தடவுவார்கள், கிராண்ட் என்கிற பதிவுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று விசாரிப்பார்கள். சீட்டைத் தூக்கி வயரைப் பார்ப்பவர்கள் குறைவு. கோலாலம்பூர் செந்தூலில் யமஹா எல்.சி.135 ஒன்றை விலை பேசப் போனபோது நான் சீட்டைத் தூக்கினேன். தூக்கிப் பார்த்த கையோடு 300 வெள்ளி (ரிங்கிட்) குறைத்துக் கேட்டேன். அவர் 200 குறைத்தார். சரி என்று வாங்கிவிட்டேன்.

உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். பேட்டரியின் பிளஸ் முனையில் ஒரே போல்ட்டின் கீழ் ஒரு கொத்து வயர். முன்னால் இரண்டு ஸ்போட் லைட், ஒரு யூஎஸ்பி சார்ஜர், வோல்ட் காட்டும் சின்ன மீட்டர், அலாரம், சீட்டுக்கு அடியில் நீலத்தில் மின்னும் எல்இடி பட்டை, பெரிய இரட்டை ஹாரன். எதற்கும் தனி ஃபியூஸ் கிடையாது. அலாரத்துக்கு மட்டும் ஒரு ஃபியூஸ் கூடு இருந்தது. திறந்தால், எரிந்துபோன ஃபியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள். செய்தது யார் என்று தெரியாது, முந்தைய உரிமையாளருக்கும் முந்தையவராக இருக்கலாம். ஏதோ ஓர் இரவில் அவசரத்துக்குச் சுற்றியிருப்பார், பிறகு மறந்திருப்பார்.

ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. வயரின் உறை எங்காவது உரசித் தேய்ந்து செம்பு இரும்பைத் தொட்டால், பேட்டரி தன்னிடம் உள்ள மொத்த மின்சாரத்தையும் அந்த வழியில் தள்ளப் பார்க்கும். சின்ன மோட்டார் பேட்டரிகூட சில நொடிகளுக்குப் பல பத்து ஆம்பியர் தரும், ஸ்டார்ட்டர் சுற்றுவதே அந்தத் தெம்பில்தான். மெல்லிய வயர் அதைத் தாங்காது. சிவந்து, உறை உருகி, பக்கத்து வயரையும் சேர்த்துக்கொள்ளும். அதற்கு மேல் இருப்பது பெட்ரோல் டேங்க். எல்.சி.யில் டேங்க் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளித் தாளைக் கண்டு நான் ஏன் அன்று வீடு வரை ஓட்டாமல் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தேன் என்று புரியும். பக்கத்து வீதிதான், பெரிய வீரம் இல்லை.

எனக்கு உண்மையில் எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தேன். வேலை ஷா ஆலமில், ஷிப்ட் முறை. இரவு ஷிப்ட் முடிந்தாலும் தொடங்கினாலும் ஃபெடரல் ஹைவேயின் மோட்டார் லேன்தான் வழி. அந்த லேனில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: குறுகலான வளைவுகள், பாலத்துக்கு அடியில் இறங்கி ஏறும் சுரங்கங்கள், விளக்கு எரியாத இடங்கள், மழை பெய்தால் தேங்கும் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் குழி. கம்பெனி கொடுத்த ஹெட்லைட் போதாது. ஆகவே ஸ்போட் லைட் வேண்டும். போன் சார்ஜ் ஆக வேண்டும். ஹாரன் கேட்க வேண்டும். இவ்வளவுதான். நீல விளக்கும் அலாரமும் வோல்ட் மீட்டரும் எனக்கு வேண்டாம்.

எங்கள் பக்கத்து ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணனிடம் கொண்டு போய்க் காட்டினேன். ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுல எது மோட்டாரோட வயரு, எது கடைக்காரன் போட்டதுன்னு எனக்கே தெரியல. மொத்தமா கழட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். கூலி வாங்கிக்கொண்டு இன்னொரு ஸ்போட் லைட்டையும் அதே கொத்தில் சொருகித் தந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யாததால்தான் இந்த வேலையை நானே கற்றுக்கொண்டேன்.

கழற்றுவதில் அவசரம் கூடாது. முதலில் பேட்டரியின் மைனஸ், பிறகுதான் பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசி. காரணம் எளிது: மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ் போல்ட்டைத் திருகும் ஸ்பேனர் பிரேமில் பட்டால் நேரடி ஷார்ட். மைனஸ் கழன்றிருந்தால் பிரேமில் எங்கு பட்டாலும் ஒன்றும் ஆகாது. பிறகு ஒவ்வொரு வயரையும் இரு முனைவரை கையால் தொடர்ந்து போய், மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டி, போனில் படம் எடுத்து, அதற்குப் பிறகே வெட்டினேன். படம் எடுப்பது சோம்பேறித்தனமாகத் தோன்றும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பச்சை வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாதிப் பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. கார் ஆடியோவில் பழகியவர்களுக்குக் கறுப்பு என்றால் மைனஸ். யமஹாவில் அது சரி: கறுப்பு எர்த், சிவப்பு பேட்டரியிலிருந்து வரும் பிளஸ், சாவி போட்டால் உயிர் வரும் பிளஸ் பழுப்பு. ஹொண்டாவில் கதை தலைகீழ். அங்கே எர்த் பச்சை. கறுப்பு வயரில்தான் சாவி போட்டதும் 12 வோல்ட் வரும். கவாசாகி வழியில் வந்த மோடெனாஸ் கிரிஸ்ஸில் எர்த் கறுப்பில் மஞ்சள் கோடு, சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு. நம் ஊர் ஆக்சசரி கடைகளில் ஒரு நாளில் நான்கு கம்பெனி மோட்டாரும் வந்து போகும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றிலும் அதே நிறத்தைத் தேடும். என் மோட்டாரில் ஸ்போட் லைட்டின் பிளஸுக்கு யாரோ கறுப்பு வயரையும் மைனஸுக்குப் பச்சையையும் பயன்படுத்தியிருந்தார்கள். ஹொண்டா பழக்கமாக இருக்கும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். 30, 40 வெள்ளிக்கு வரும் சாதாரண மீட்டரே இந்த வேலைக்குப் போதும்.

அடுத்து அந்த நீல நிற, சிவப்பு நிறப் பிளாஸ்டிக் கவ்விகள். வயரை வெட்டாமல் மேலே வைத்து பிளேயரால் அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு உறையைக் கிழித்துச் செம்பைத் தொடும். அரை நிமிட வேலை என்பதால் கடைகளில் அதையே போடுகிறார்கள். காரின் உள்ளே, மழை படாத இடத்தில் இருந்தால் அதன் பாட்டுக்கு இருக்கும். கோலாலம்பூரில் மாலை நான்கு மணி மழையில் தினமும் நனையும் மோட்டாருக்கு அது சரிப்படாது. தகடு கிழித்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது, பிறகு செம்பு இழைகளின் நடுவே ஊர்ந்து போகிறது. நான் கவ்வியைக் கழற்றிய இடத்தில் வயரைக் கீறிப் பார்த்தேன். ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு கறுத்து, பச்சைப் பொடி பூத்திருந்தது. சில இழைகள் தகட்டில் அறுந்தும் இருந்தன. அது டெயில் லைட்டுக்குப் போகும் வயர். கெட்ட பகுதியை முழுக்க வெட்டி எடுத்து, அதே தடிமனில் புது வயர் சேர்த்தேன். இந்த மோட்டாரில் கம்பெனி வயரை நான் வெட்டியது அந்த இடங்களில் மட்டும்தான்.

சுத்தம் செய்து முடித்ததும் ஆசைகளுக்கு ஒரு கணக்குப் போட்டேன். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஒரு ஜோடி ஸ்போட் லைட் மொத்தம் 40 வாட் என்றால், 12 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர். 18 வாட் வேகச் சார்ஜர் 1.5 ஆம்பியர், அதன் சொந்த இழப்பையும் சேர்த்தால் கொஞ்சம் கூட. இரட்டை ஹாரன் அழுத்தும்போது 6, 7 ஆம்பியர்வரை இழுக்கும், ஆனால் அழுத்தும் நேரம் மட்டும். இது செலவுப் பக்கம். வரவு, என்ஜினுக்குள் இருந்து மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயில். பெரிய பைக்கில் அது தாராளமாகக் கொடுக்கும். கப்சாயில், அதாவது என்னுடையது போன்ற சின்ன மோட்டாரில், அது ஹெட்லைட்டையும் இக்னிஷனையும் ஓட்டிவிட்டுப் பேட்டரியை நிரப்பும் அளவுக்குத்தான் கட்டப்பட்டிருக்கும். அதிலும் ஐடலில், அதாவது முறுக்காமல் சும்மா ஓடும்போது, வரவு மிகக் குறைவு. கடைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. "200 வாட்" என்று அச்சடித்த ஸ்போட் லைட் ஒன்றை மீட்டர் வைத்து அளந்தேன், 20-ஐக்கூடத் தொடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஏமாற்று நமக்குச் சாதகம்.

உங்கள் மோட்டார் எவ்வளவு தாங்கும் என்று அறிய ஸ்டேட்டர் எண்ணையெல்லாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். நிறுத்தி வைத்த நல்ல பேட்டரி 12.6-இலிருந்து 12.8 வரை காட்டும். என்ஜினை ஓட்டி, கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே வர வேண்டும். இனி ஐடலில் விட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள்: ஹெட்லைட், ஸ்போட் லைட், சார்ஜர், பிரேக் லைட். ஒவ்வொன்றுக்கும் எண் இறங்கும். 13-க்கு மேலேயே நின்றால் கவலை இல்லை. 12.5-க்குக் கீழே நழுவிக்கொண்டே போனால் அந்த நேரத்தில் உங்கள் பேட்டரி வாங்குவதைவிடக் கொடுப்பது அதிகம். என் மோட்டார் எல்லாம் போட்ட நிலையில் ஐடலில் 12.4-க்கு வந்தது, கொஞ்சம் முறுக்கினால் 13.6. ஜாமில் நாம் சந்து பார்த்து நுழைந்து போய்விடுகிறோம், அதிக நேரம் ஐடலில் நிற்பதில்லை. ஆகவே இது எனக்குப் பரவாயில்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்போட் லைட்டை அணைத்துவிடுவேன், முன்னால் நிற்பவருக்கும் அது நல்லது.

சாமான் வாங்கப் புடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போனேன். எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு கோலாலம்பூரில் பழகிய தெரு அது, வயரை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். ஒரு கடையில் சீன அங்கிளிடம் மலாயில் என்ன செய்யப் போகிறேன் என்று விளக்கினேன். நான் கேட்ட வயரை ஒதுக்கிவிட்டு இன்னொரு சுருளை எடுத்தார். இரண்டு முனைகளையும் உரித்து லைட்டரால் சுட்டுக் காட்டினார். முதலாவதில் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளியாக அலுமினியம் தெரிந்து சுருண்டது. செம்பு பூசிய அலுமினியம். இணையத்தில் மலிவாக வரும் வயர்களில் நிறைய இந்த ரகம். மின்சாரத்தைத் தடுப்பது அதிகம், அதிர்வில் முறிவதும் சீக்கிரம். மோட்டாருக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள செம்பு வயர் வேண்டும். வீட்டுச் சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி வயர் ஆகவே ஆகாது.

நான் கட்டியது இப்படி. பேட்டரி பிளஸிலிருந்து ஒரே ஒரு வயர் வெளியே வரும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ். ஃபியூஸ் எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு நீளத்துக்கு வயர் பாதுகாப்பில்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம். ஃபியூஸைத் தாண்டி ஒரு ரிலே. ரிலேயிலிருந்து மூன்று கிளை கொண்ட சின்ன ஃபியூஸ் பெட்டி: ஸ்போட் லைட்டுக்கு 5, சார்ஜருக்கு 3, ஹாரனுக்கு 7.5. மூன்றையும் கூட்டினால் 10-ஐத் தாண்டுகிறதே என்று கேட்கலாம். மூன்றும் முழு அளவில் ஒரே நேரத்தில் நீண்ட நேரம் இழுப்பதில்லை. ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே போகும் பழக்கம் இருந்தால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அடிமர வயர் 16 கேஜ், கிளைகள் 18 கேஜ் (கேஜ் எண் கூடினால் வயர் மெல்லியது). ஹாரன் கிளை மட்டும் 16.

ரிலே என்ற பெயரைக் கேட்டு மிரள்பவர்களுக்கு: அது இன்னொரு சுவிட்ச்சால் இயக்கப்படும் சுவிட்ச், அவ்வளவுதான். நான்கு கால்கள், நான்கிலும் எண் இருக்கும். 30-இல் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர். 87-இலிருந்து பெட்டிக்குப் போகும் வயர். 86-இல் சாவி போட்டால் உயிர் வரும் வயர். 85 எர்த். சாவி போட்டதும் 86-க்கும் 85-க்கும் நடுவில் உள்ள சின்ன காயில் காந்தமாகி, 30-ஐயும் 87-ஐயும் சேர்க்கிறது. ஒரு டிக் சத்தம் கேட்கும். அந்தக் காயில் இழுப்பது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே மோட்டாரின் சொந்த வயரிலிருந்து நாம் கேட்டு வாங்குவது அவ்வளவு மட்டுமே. மீதி அத்தனையும் புது வழியில் ஓடுகிறது. நம் பக்கம் எது ஷார்ட் ஆனாலும் நம் ஃபியூஸ்தான் போகும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இரவில் சுரங்கத்துக்குள் ஸ்போட் லைட் அணைவதும் மொத்த மோட்டாரும் அணைவதும் ஒன்றல்ல.

86-க்கு உயிர் வயர் எங்கே எடுப்பது? இங்கேதான் எல்லாரும் கவ்வியைத் தேடுகிறார்கள். நான் வேறு வழி பார்த்தேன். கம்பெனி ஹாரனின் பிளஸ் பக்கம் பழுப்பு வயர், ஒரு சின்னத் தகட்டு பிளக்கில் சொருகி இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: சாவி போட்டால் 12 வோல்ட், எடுத்தால் பூஜ்யம். அதே அளவில் ஆண் பிளக் ஒன்று, பெண் பிளக் இரண்டு வாங்கி, ஒய் வடிவில் ஒரு சிறு துண்டு வயர் செய்து நடுவில் சொருகினேன். எதையும் வெட்டவில்லை, உரிக்கவில்லை. வேண்டாம் என்றால் பிடுங்கிவிட்டுப் பழையபடி சொருகலாம். பிரேக் சுவிட்ச், டெயில் லைட் பிளக் என்று பல இடங்களில் இதைச் செய்யலாம். இக்னிஷன், பெட்ரோல் பம்ப், இன்ஜெக்ஷன் ஆகியவற்றுக்குப் போகும் வயர்களை மட்டும் தொடக் கூடாது.

இணைப்புகளைப் பற்றி ஃபோர்மன் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் ஈயம் உருக்கி ஒட்டும் சோல்டர் கட்சி. நான் உலோகக் கூட்டில் வயரை வைத்து நசுக்கும் கிரிம்ப் கட்சி. சோல்டர் செய்தால் ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடம் விறைத்துப்போகும். விறைப்பு முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் அதிர்வில் முறியும். அவருடைய பதில்: "ஒழுங்கா செஞ்சு ரெண்டு பக்கமும் கட்டி வச்சா முறியாது." அவர் செய்தது முறிவதில்லை, அதுவும் உண்மைதான். புதிதாகச் செய்பவருக்கு நல்ல கிரிம்ப் பிளேயர் சுலபம் என்பேன். சாதாரண பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. நசுக்கிய பிறகு இழுத்துப் பாருங்கள், கழன்று வந்தால் அது சாலையில் கழன்றிருக்கும். மேலே, சுட்டால் சுருங்கி இறுகும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப். சுடும்போது இரு முனையிலும் பசை பிதுங்கி வந்தால்தான் தண்ணீர் புகாது. கறுப்பு பிளாஸ்டிக் டேப்பை மட்டும் நம்பாதீர்கள். நம் வெயிலில் அதன் பசை இளகி, டேப் நழுவி, கையெல்லாம் பிசுபிசுக்கும். வயர்களைச் சேர்த்துச் சுற்றக் கார் வயரிங்குக்கு வரும் துணி டேப் நன்றாக இருக்கிறது.

எர்த் விஷயத்துக்கு வருகிறேன். கழற்றுவதற்கு முன்பே ஒரு புதிர் இருந்தது: அவ்வளவு பெரிய இரட்டை ஹாரன் முனகியது. ஹாரன் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டிருப்பேன். நேராகப் பேட்டரியில் வைத்துத் தொட்டபோது பக்கத்து வீட்டு நாயே எழுந்துவிட்டது. ஆக, கோளாறு வழியில். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல முறை உண்டு. ஹாரனை அழுத்திக்கொண்டே, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி பிளஸிலும் மற்றதை ஹாரனின் பிளஸ் காலிலும் வையுங்கள். வருகிற எண் அந்த வழியில் தொலைந்துபோகும் வோல்ட். அதேபோல மைனஸ் பக்கமும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். என்னுடையதில் மைனஸ் பக்கம் மட்டும் 2 வோல்ட்டுக்கு மேல் போனது. எர்த் வயரை பெயிண்ட் அடித்த பிராக்கெட்டில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். பெயிண்ட்டின் மேல் ரிங் உட்கார்ந்திருந்தது, மரை வழியாக மட்டும் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது. மின்சாரம் ஓடாதபோது அளந்தால் இதெல்லாம் தெரியாது, மீட்டர் 12 என்று அழகாகக் காட்டும். மின்சாரம் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். இப்போது என் எர்த் வயர்கள் எல்லாம் ஒரு இடத்தில் சேர்ந்து நேராகப் பேட்டரி மைனஸுக்கே போகின்றன.

வயர் போகும் வழியில் கவனிக்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: ஹேண்டில் திரும்பும் கழுத்து. நேராக வைத்துக் கட்டிவிட்டு முழுக்க இடது, முழுக்க வலது திருப்பிப் பாருங்கள். எங்கும் இறுகவோ நசுங்கவோ கூடாது, ஆக்சிலரேட்டர் கேபிளோடு உரசக் கூடாது. என்ஜினை ஓட விட்டுத் திருப்பும்போது ஐடல் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள், அப்படியே ஓட்டக் கிளம்பாதீர்கள். எக்சோஸ் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதைச் சொல்லத் தேவையில்லை.

அலாரத்தை ஏன் தூக்கினேன் என்று நண்பர்கள் கேட்டார்கள், செந்தூலில் மோட்டார் வைத்திருப்பவன் அலாரத்தைக் கழற்றுவானா என்று. கணக்கைக் காட்டினேன். சாவி எடுத்த நிலையில் மைனஸ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்தேன். முதலில் 10 ஆம்பியர் துளையில் தொடங்கிப் பிறகுதான் சின்னத் துளைக்கு மாற்ற வேண்டும். அந்த நிலையில் சாவி போட்டால் மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். அலாரமும் எப்போதும் விழித்திருக்கும் யூஎஸ்பி சார்ஜரும் வோல்ட் மீட்டரும் சேர்ந்து 40 மில்லி ஆம்பியருக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தன. பேட்டரியில் எழுதியிருப்பது 3.5 ஆம்பியர்-மணி (Ah). வகுத்தால் 87 மணி நேரம், நான்கு நாள்கூட இல்லை. ஸ்டார்ட்டர் சுற்ற முடியாமல் போவதற்கு அதில் பாதி போதும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். கப்சாயில் உதைக்கக் கிக்கர் இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை, பேட்டரி மேல் பழி போட்டு ஆண்டுக்கு ஒன்று மாற்றுகிறார்கள். அலாரத்துக்குப் பதில் இப்போது தடித்த சங்கிலிப் பூட்டு. சார்ஜர் ரிலேக்குப் பின்னால் இருப்பதால் சாவி எடுத்ததும் அதுவும் தூங்கிவிடுகிறது.

இதைப் பார்த்துவிட்டு மாடி வீட்டு அங்கிள் தன் பழைய ஹொண்டா இ.எக்ஸ்.5-க்கும் எல்இடி ஸ்போட் லைட் போடச் சொன்னார். கடையில் ஒருவர் ஹெட்லைட் வயரிலேயே இணைத்துக் கொடுத்திருந்தாராம், சில வாரங்களில் லைட் செத்துவிட்டது. பழைய இ.எக்ஸ்.5 ஓட்டியவர்களுக்கு அந்த ஹெட்லைட் தெரியும்: ஐடலில் மங்கும், முறுக்கினால் பளிச்சென்று எரியும். அது பேட்டரியில் ஓடுவதில்லை. காயில் தரும் ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) நேராக அந்தப் பல்புக்குப் போகிறது. எல்இடிக்கு வேண்டியது டிசி (பேட்டரி தருவது போல ஒரே திசையில் ஓடுவது). மீட்டரை டிசியில் வைத்தால் ஒன்றும் வராமல், ஏசியில் வைத்தால் வோல்ட் காட்டினால் அந்த வயர் இந்த ரகம். அதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். அங்கிளுக்கு ரிலே போட்டுப் பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், சின்ன 10 வாட் லைட்டாக. அதற்கு மேல் அந்த மோட்டாரின் சார்ஜிங் தாங்காது. புது மாடல்களில் வேறு விதமான தொல்லை. சில பைக்குகளில் விளக்கெல்லாம் கம்ப்யூட்டர் பெட்டி வழியாகப் போகும், ஹெட்லைட் வயரில் கூடுதல் சுமை வைத்தால் வண்டியின் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு வரும், வாரண்டியும் பேச்சுக்கு இடமாகும். பேட்டரியிலிருந்து தனி வழி என்பது அங்கே இன்னும் அவசியம்.

போலீஸ், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பற்றிக் கேட்பார்கள். இந்த நாட்டில் மோட்டார்கள் பகலிலும் ஹெட்லைட் போட வேண்டும் என்ற விதி 1992-இலிருந்தே இருக்கிறது. அதனால் லைட் போட்டிருப்பதே குற்றம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் ஸ்போட் லைட்டும், மின்னும் நீல, சிவப்பு விளக்குகளும்தான் சம்மனுக்கு வழி. நான் லைட்டைக் கீழே, முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்குக்குப் பக்கத்தில் மாட்டி, ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்து, ஒளியின் மேல் விளிம்பு லைட்டின் உயரத்தைத் தாண்டாதபடி சாய்த்தேன். மஞ்சள் ஒளி மழையில் கண்ணுக்கு இதம் என்பது என் அனுபவம். எதிரே ஆள் வந்தால் அணைக்கத் தனி சுவிட்ச் இடது கைக்கு எட்டும் இடத்தில். மோட்டார் லேனில் எதிர்த்திசையில் வருபவர்களும் உண்டு என்பதை நம் ஆட்களிடம் சொல்லத் தேவையில்லை.

யூஎஸ்பி சார்ஜரில் பார்க்க வேண்டியது மூடி. ரப்பர் மூடி இல்லாத துளை மேல்நோக்கி இருந்தால் ஒரு மழைக்குத் தாங்கும், அடுத்ததற்குத் தாங்காது. கீழ்நோக்கி மாட்டுங்கள். விலை உயர்ந்த போனை ஹேண்டிலில் மாட்டுவதையும் யோசியுங்கள். மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் பலர் வழி பார்க்க ஒரு பழைய போனைத் தனியாக வைத்திருப்பது அதனால்தானோ என்னவோ.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் படம் வரைந்தேன்: எந்த ஃபியூஸ் எதற்கு, எந்த வயர் எங்கிருந்து எங்கே. லேமினேட் செய்து சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், கூடவே ஒவ்வொரு அளவிலும் உபரி ஃபியூஸ் இரண்டு. ஃபோர்மன் அண்ணன் அதைப் பார்த்து, "இதுக்கு நான் கூலி கொறச்சு வாங்கணும் போல" என்று சிரித்தார். அடுத்த சர்வீஸில் குறைக்கவில்லை.

டேஷ் கேமரா ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. முன் பின் இரண்டு கேமரா வைத்த செட் 5 வாட் என்கிறார்கள், ஐடலில் 12.4 காட்டும் மோட்டாருக்கு அதுவும் சுமைதான். ஹெட்லைட் பல்பை எல்இடிக்கு மாற்றினால் அந்த இடம் கிடைக்கும். ஆனால் அந்த ஹெட்லைட் கூட்டுக்குள் பொருந்தி, ஒளி சிதறாமல் அடிக்கும் பல்பை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வாங்கிப் பார்த்த ஒன்று மரத்தின் உச்சிக்கு அடித்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதுவரை கேமரா ஓடினால் பையில் இருக்கும் பவர் பேங்கில்தான் ஓடும்.